துஷ்டி வீட்டுக்கு முதல் ஆள்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. முகம் அப்புறம்தான் வருகிறது. வழுக்கை ஏறிய நெற்றியில் சந்தனக் கீற்று, மடிப்புக் குலையாத வெள்ளை அரைக்கைச் சட்டை, கக்கத்தில் இடுக்கிய கறுப்பு ரெக்சின் பை. முகத்துக்கும் பின்னால் குரல். அந்தக் குரலை நான் நினைக்கவே வேண்டியதில்லை, தானாக வரும். கோவில்பட்டியில் பாதி வீடுகளுக்குள் அது செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நுழைந்திருக்கிறது.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஆனால் அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. எந்த வீட்டிலும் அவர் பாலிசி என்று ஆரம்பித்ததில்லை. கட்டம் போட்ட தாளை விரித்து விரலை நகர்த்தியதில்லை. தண்ணீர் கேட்பார். பாதி குடிப்பார். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இப்படித்தான் போன மாசம் கயத்தாத்துப் பக்கம் ஒரு வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சேன்..." என்பார். அந்த வீட்டில் ஒரு மனிதன் இருப்பான். நல்லவன், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன், பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறவன். கதை முடியும்போது அவன் இருக்கமாட்டான். மீதித் தண்ணீரை அவர் அப்போதுதான் குடிப்பார். குடித்து முடிப்பதற்குள் வீட்டுக்காரர் பேனாவைத் தேடிக்கொண்டிருப்பார்.

"எண்ணைச் சொன்னா தலையைத்தான் ஆட்டுவான் தம்பி. கதையைச் சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவான்."

இது அவர் எனக்குச் சொன்னது. எட்டயபுரம் ரோட்டில் ஓர் அச்சாபீஸில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு வாசகம் எழுதுவது என் வேலை. வருஷக் காலண்டர் அடிக்க அவர் அங்கேதான் வருவார். வந்தால் ஒரு மணி நேரம் பேசாமல் போகமாட்டார். அவர் பேச்சில் எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. இருந்தது என்று எழுதும்போதே கை கூசுகிறது.

அவருக்குக் கதைகள் எங்கிருந்து கிடைத்தன? எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைத் துஷ்டி கேட்பது என்போம். சொந்தக்காரன் போகாவிட்டால் பகை, பக்கத்து வீட்டுக்காரன் போகாவிட்டால் பேச்சு. அவர் எல்லாத் துஷ்டிக்கும் போனார். தெரிந்தவர், தெரியாதவர், தெருவில் ஒரு தடவை பார்த்தவர், எல்லாருக்கும். பந்தல் போடுகிறவனுக்கு முன்னால் அவர் நிற்பார். செத்தவரின் அண்ணனுக்கோ மகனுக்கோ பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் மெதுவாக, "கடைசியா என்ன சாப்பிட்டாவ?" என்பார். "ஏதும் சொன்னாவளா?" என்பார். அழுது வறண்ட வாய்கள் அந்த இரண்டு கேள்விக்குத் திறந்துகொள்ளும். பாதி குடித்த காப்பி, முந்தின நாள் வாங்கிவந்த புதுச் செருப்பு, பேத்திக்கு வாக்குக் கொடுத்த கொலுசு, எல்லாம் வரும். "அவிய மாதிரி விசாரிக்கதுக்கு ஆளு கிடையாது" என்று ஊர் சொல்லும்.

ஒரு மாதம் போனால் அந்தக் காப்பியும் செருப்பும் கொலுசும் வேறொரு வீட்டில், வேறொரு டம்ளர் தண்ணீருக்கு மேலே உட்கார்ந்திருக்கும். ஊரை மாற்றிவிடுவார். சாதியை, தெருவை, தொழிலை, கேட்கிறவருக்கு ஏற்ப மாற்றிவிடுவார். வாத்தியார் வீட்டில் செத்தவனும் வாத்தியார். லாரி செட்டில் செத்தவனும் டிரைவர்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலிசி போட்டவர் வீட்டில் ஒன்று என்றால் அலைந்து திரிந்து காரியம் முடித்துக் கொடுத்தவர் அவர். ஆஸ்பத்திரிச் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீஸ் முத்திரைக்கும் அந்த வீட்டுப் பெண்களை நடக்க விட்டதில்லை. இந்த ஒரு காரணத்தால் பல வருஷம் எனக்கு அவர் மேல் கோபமே வராமல் போயிற்று. இப்போது அதற்கும் சேர்த்துக் கோபம் வருகிறது.

மெயின் ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கும் பாய்தான் அவரை நேருக்கு நேர் கேலி செய்த ஒரே ஆள். ஒருநாள் நானும் அங்கே இருந்தேன்.

"எங்களுக்கு இது சரிப்பட்டு வராதுன்னு எத்தனை வருசமாச் சொல்லுதேன் அண்ணாச்சி. ஆனாலும் வாரீய."

"கையெழுத்துக்கா வாரேன்? உங்க கடை டீக்கு வாரேன் பாய்."

"சரி, சொல்லுங்க. இன்னைக்கு யாரைக் கொல்லப் போறீய?"

அவர் ஆரம்பித்தார். பாதிக் கதையில் பாய் கையைத் தூக்கினார். "இருங்க, இருங்க. போன தடவை இந்த ஆளுக்கு ரெண்டு பிள்ளை. இப்ப எப்படி மூணு?"

"கேக்கிற உங்களுக்கு மூணுல்லா பாய்."

"செத்தவனுக்குப் பிள்ளை கொடுக்கிற ஆளு ஒலகத்துலயே நீருதாம்வே!"

கடையே சிரித்தது. துணி அளந்துகொண்டிருந்தவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மூன்றாவது பிள்ளை யார் வீட்டுத் துக்கத்திலிருந்து கிள்ளி எடுத்தது என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

அவரை என் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனது நான்தான்.

பசுவந்தனைப் பக்கத்தில் ஒரு கிராமம். அத்தான் மானாவாரியில் மிளகாயும் பருத்தியும் போடுகிற சம்சாரி. நாங்கள் போனது ஆடி மாதம். கரிசல் வாய் பிளந்து கிடந்தது. காற்றென்றால் அப்படிக் காற்று. வீட்டுக்குள் பேசுவதற்குக் கதவைச் சாத்த வேண்டியிருந்தது. அவர் தண்ணீர் வாங்கினார், கதை சொன்னார். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, காலையிலேயே அழ வச்சிட்டீய" என்று சிரித்தார். பாரத்தில் கையெழுத்துப் போட்டார். முதல் தவணைக்குக் காசோலையும் போட்டார். அக்காதான் பீரோவைத் திறந்து போட்டோவையும் ஆதார் நகலையும் எடுத்துவந்தாள். வாரிசு என்ற கட்டத்தில் அத்தான் அவள் பெயரை எழுதும்போது, "என் பேரை எழுதுதீய, எனக்கு முந்தி நீங்க போயிருவீயளாக்கும்?" என்று அத்தானை இடித்தாள்.

அப்புறம் கேட்டாள். "இன்னைக்கே ஆபீஸுல சேத்துருவீயளா அண்ணாச்சி?"

அவர் பாரத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆடி கழியட்டும்மா. ஆடியில நான் புதுப் பாரம் எதையும் உள்ள கொடுக்கது இல்ல. ஒரு வருசம் கொடுத்தேன், அந்த வருசமே எனக்கு விளங்கல. ஆவணி ஒண்ணாம் தேதி மொத பாரம் உங்களோடதுதான்."

"கல்யாணம் காச்சின்னாத்தான ஆடி பாக்கணும்? இதுக்கென்ன ஆடி? இன்னைக்கே சேருங்க."

"விடுட்டி" என்றார் அத்தான். "அண்ணாச்சிக்கு ராசின்னு ஒண்ணு இருக்கும்லா."

அக்கா என்னைப் பார்த்தாள். "பதினஞ்சு நாள்தானக்கா" என்றேன் நான்.

ஆடி முடிய நாலு நாள் இருந்தது. எட்டயபுரத்தில் கலப்பைக் கொழுவைத் தீட்டி வாங்கிக்கொண்டு அத்தான் மத்தியான வெயிலில் பைக்கில் வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு லாரி கடந்தது. காற்று ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். அவ்வளவுதான் யாருக்கும் தெரியும்.

துஷ்டிக்கு அவர்தான் முதலில் வந்தார். பாடைக்குத் தோள் கொடுத்தார். உண்மையாகவே அழுதார், அதை நான் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு யார் பக்கத்திலும் உட்கார்ந்து அந்த இரண்டு கேள்விகளைக் கேட்கவில்லை. வெட்கம்போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு என்ன மிச்சமிருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பதினாறாம் நாள் விசேஷத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பாரத்தையும் காசோலையையும் கையில் வைத்தார். "இனி இது எதுக்கு தம்பி" என்றார். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அத்தானின் கையெழுத்தை அக்கா கண்ணில் காட்ட வேண்டாம் என்று அச்சாபீஸுக்குக் கொண்டுபோய்க் கிழித்து, பத்திரிகை வெட்டிய கழிவுத் தாளோடு போட்டேன். அதை ஒரு பெரிய கருணை என்றே நினைத்திருந்தேன். முட்டாள்.

தை மாதம், பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். பாய் கடைக்குப் போனேன். "வாங்க தம்பி, உங்க அண்ணாச்சி இப்ப வீடு வீடாப் போறதில்லையாம். போனுலயே சொல்லி அனுப்புதாரு. கேளுங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவைத் தட்டிவிட்டார்.

அந்தக் குரல். "பசுவந்தனைப் பக்கம் ஒரு சம்சாரிய்யா. மிளகா போட்டிருந்தாரு. நான் சொன்னதைக் கேட்டு அழுதாரு. பேனாவை எடுத்துட்டாரு. அவரு சம்சாரம் வந்து கையைப் பிடிச்சிட்டா. 'ஆடியில இதெல்லாம் போடாதீய, ஆவணிக்குப் பாத்துக்கிடுவோம்'ன்னா. நான் பேனாவை மூடிப் பையில வச்சிட்டு வந்துட்டேன். ஆடி முடிய நாலு நாள்..." இங்கே ஒரு நிறுத்தம். லாரி வந்தது. இன்னொரு நிறுத்தம். "அந்தத் தாயி இன்னைக்கும் அந்தக் கையைப் பாத்துப் பாத்து அழுதுக்கிட்டிருக்கா. உங்க வீட்டுக் கையி என்ன செய்யப் போவுதுய்யா?"

"நல்லாத்தான் சொல்லுதாரு" என்றார் பாய். "ஆனா துணிக்கடைக்காரனுக்குச் சம்சாரி கதையைச் சொல்லுதாரு, இந்தத் தடவை ஆளுக்குத் தக்க மாத்தல. அவசரம் போல." என் முகத்தைப் பார்த்துவிட்டு போனை அணைத்தார். "தெரிஞ்ச ஆளா தம்பி?"

"எங்க அத்தான்."

பாய் போனைக் கவிழ்த்து வைத்தார். அவரும் சிரித்த ஆள்தானே.

அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தாள். அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அவளுடைய சிநேகிதி வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பதிவு வந்து, ஊரெல்லாம் கேட்டு, கடைசியில் அவளும் கேட்டிருக்கிறாள்.

"ஏலே, அவ என் கையால சாப்பிட மாட்டேங்கா. தானே பொங்கித் தனியா திங்கா. என் கையைத்தான்லே பாக்கா. 'நீதான அந்தக் கையி'ன்னு கேக்கா."

"நீ சொல்ல வேண்டியதுதானக்கா?"

"சொல்லாம இருப்பேனா? 'நீ சொல்லுததை நம்பவா, அவிய அழுதுக்கிட்டே சொல்லுதாவ, அதை நம்பவா'ங்கா. அவிய சொல்லுததுல உங்க அத்தான் கையெழுத்தே போடல. ஆனா போட்டாவல்லா? தேதியோட போட்டாவ. அந்தத் தாளைக் காட்டுனா முடிஞ்சிது. பதினாறாம் நாள் உன் கையில கொடுத்ததை நான் பாத்தேன்லா? கொண்டுட்டு வா."

"கிழிச்சிட்டேன்க்கா."

மகளைக் கூப்பிடு, நானே அவளிடம் பேசுகிறேன் என்றேன். "நீங்க அம்மாவுக்குத் தம்பி. அம்மா பக்கம்தான பேசுவீய மாமா" என்றது பிள்ளை. குரலில் கோபம்கூட இல்லை.

மறுநாள் அவரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் டீக்கடையில் பிடித்தேன். சட்டையைப் பிடிப்பதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் எனக்கும் ஒரு டீ சொன்னார்.

"எங்க அக்காவா கையைப் பிடிச்சா?"

"நான் பேரைச் சொன்னேனா தம்பி?"

"அவளா பிடிச்சா?"

டீயை ஒரு மடக்குக் குடித்தார். "கதையில யாராவது ஒருத்தர் தப்புச் செஞ்சிருக்கணும். கேக்குதவன் தன் வீட்டுல இருக்க ஆளை நினைச்சுப் பாக்கணும், பயப்படணும். ஏஜெண்டு தப்புச் செஞ்சான்னு சொன்னா எவன் கையெழுத்துப் போடுவான்? நீங்களே சொல்லுங்க." நிஜமாகவே நான் பதில் சொல்வேன் என்று பார்த்தார். தொழில் விஷயம் பேசுகிறாராம். "அந்த ஒண்ணைக் கேட்டு எத்தனை குடும்பம் போட்டிருக்கு தெரியுமா? நாளைக்கு அந்தப் பொம்பளைகளுக்கு ஒண்ணுன்னா..."

"எங்க அக்கா உயிரோட இருக்கா அண்ணாச்சி. அவ பிள்ளை அவ கையால சாப்பிட மாட்டேங்கு. நீங்க இன்னைக்கு வந்து நடந்ததைச் சொல்லணும். வரலைன்னா, உங்க பதிவு போன ஒவ்வொரு வீட்டுக்கும் போயி நான் சொல்லுவேன்."

டம்ளரை வைத்தார். "வாரேன். நான் என்ன ஓடியா போயிருவேன்?"

நாங்கள் அக்கா ஊரில் போய் இறங்கியபோது தெருவில் நாலைந்து பெண்கள் எங்களுக்குப் பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டார்கள். அக்கா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் தண்ணீர் கேட்டார், அக்கா கேட்காதது போல நின்றாள். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். இவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கூப்பிடாமலே நின்றாள்.

அவர் பிள்ளையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "அன்னைக்கு ஒரே காத்தும்மா. இந்தக் கதவு இருக்கே, இதைச் சாத்திட்டுத்தான் பேசுனோம். உங்கப்பா வேட்டி நுனியில மண்ணு. என்னைப் பாத்துச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு இருக்கே..."

வாசலில் ஒரு பெண் முந்தானையை எடுத்தாள். எனக்கே நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. தூ!

"அண்ணாச்சி" என்றாள் அக்கா. "அதெல்லாம் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்க."

"அதைத்தான்மா சொல்லுதேன். பாவின்னா நான்தான் பாவி. இந்தப் பை இருக்கே, இதுக்குள்ள ஒரு மனுசனோட உசுரையே மடிச்சு வச்சுக்கிட்டு நான்..."

இன்னொரு பெண் அழுதாள். "அவிய மனசு எவ்வளவு பாடுபட்டிருக்கும்" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. அவர் இங்கேயும் ஜெயித்துக்கொண்டிருந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிற ஒரு நல்ல மனிதன் எங்கள் கண் முன்னால் வளர்ந்துகொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வாசலில் நிற்பவர்கள் அவனிடம் பாரம் கேட்பார்கள்.

மகள் சுவரை விட்டு வந்தாள். "எங்கப்பா கையெழுத்துப் போட்டாரா, இல்லையா?"

"அதைத்தான் தாயி, அந்தப் பேனாவை அவரு..."

"போட்டாரா?"

"போட்டாரு."

"எங்கம்மா சேக்கச் சொன்னாளா, வேண்டாம்னாளா?"

அவர் உள்ளங்கையால் முழங்காலைத் தடவினார். வெளியே மினி பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. ஒரு கதையின் நடுவே அவர் இத்தனை நேரம் நிறுத்தி நான் பார்த்ததில்லை. இது அந்த நிறுத்தம் இல்லை.

"சேக்கச் சொன்னா. ரெண்டு தடவை சொன்னா."

"யாரு வேண்டாம்னது?"

"நான்."

சின்னக் குரல். அந்தப் பெரிய தொண்டைக்குள் இத்தனை சின்னதாக ஒரு குரல் இருந்திருக்கிறது. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பதினஞ்சு நாள்தானன்னு மாமாவும் சொன்னாவ."

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். அதை நான் அவளிடம் சொன்னதில்லை. அக்காவும் இத்தனை மாதத்தில் சொன்னதில்லை.

"ஆமா" என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அக்கா அவள் தோளைத் தொட்டாள். "அவிய கிடக்காவ. வாட்டி, சாப்பிடு." இரண்டு பேரும் அடுப்படிக்குள் போனார்கள். உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவரும் நானும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸும் ஒரே பஸ்தான். கூட்டமில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரெண்டு ஊர் தாண்டியதும் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி."

திரும்பினேன். கண்ணில் நீர் இருந்தது, பொய் நீர் இல்லை. "அந்தப் பிள்ளை சுவரை விட்டு வந்து கேட்டுச்சு பாத்தீயளா, 'யாரு வேண்டாம்னது'ன்னு? அந்த இடம்..." என்று ஆரம்பித்து, காற்றில் எதையோ தொடுவது போலக் கையை மெல்லத் தூக்கினார்.

அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். எவ்வளவு அழுத்திப் பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது. கண்டக்டர் எழுந்து வந்தார்.

"அந்த இடத்தைத் தொட்டீருன்னா, நான் மனுசனா இருக்க மாட்டேன்வே."

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மரியாதையை விட்டு அவரை வே என்று சொன்னேன்.

"சொல்ல மாட்டேன் தம்பி. சத்தியமா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாயை இறுக மூடிக்கொண்டார். நான் கம்பியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூடின உதடு, கோவில்பட்டி வருகிற வரைக்கும், அசைந்துகொண்டே வந்தது.